எந்த வகுப்பில் ஆரம்பிக்கலாம் என்று என்னைக் கேட்டவர்களுக்கு

போன மாதம் வேங்கிக்காலில் நடந்த கணித ஆசிரியர்கள் கூட்டத்தில், சாப்பாட்டு இடைவேளையின்போது, உங்களில் சிலர் என்னைச் சுற்றி நின்றுகொண்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். "கணக்குக்குனு இருக்கற யுனிவர்சிட்டி நுழைவுத் தேர்வுக்கெல்லாம் பிள்ளைங்கள எந்த வகுப்புலருந்து தயார் பண்ணணும் டீச்சர்?" என் கையில் தயிர்சாதத் தட்டு இருந்தது. ஊறுகாய் எங்கே என்று கேட்டபடி நகர்ந்துவிட்டேன். நீங்கள் தப்பாக நினைத்திருக்கலாம். ஓய்வு பெற்றதும் இந்த அம்மாவுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்றுகூட நினைத்திருக்கலாம்.

காரணம் வேறு. என் பணிக்காலத்தில் இந்தக் கேள்விக்கு நான் இரண்டு பதில்கள் சொல்லியிருக்கிறேன். ஒன்றுக்கொன்று ஒத்துவராத பதில்கள். இரண்டையும் மைக் பிடித்து, ஒரே குரலில், ஒரே உறுதியோடு சொன்னேன். மூன்றாவதாக ஒன்றையும் அப்படியே சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில்தான் ஊறுகாய் தேடிப் போனேன். இப்போது வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன். மைக் இல்லாதபோது நான் கொஞ்சம் நம்பத் தகுந்தவள்.

முதல் பதில், 'ஆறாம் வகுப்பு'.

வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சென்னையில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போனேன். அங்கே பேசியவர்கள் எல்லாரும், பெரிய கல்வி நிறுவனங்களில் இடம் பிடிக்கும் பிள்ளைகள் பால்பல் விழும்போதே தயாராக ஆரம்பித்துவிடுகிறார்கள் என்கிற மாதிரிப் பேசினார்கள். திரும்பி வரும் பஸ்ஸிலேயே எனக்குள் ஒரு திட்டம் முளைத்து, செஞ்சி வருவதற்குள் மரமாகிவிட்டது. எங்கள் வீட்டு மாடியில், காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வுப் பயிற்சி. காசு வாங்கவில்லை. பெருமையை மட்டும் வாங்கிக்கொண்டேன். பிடித்து உட்காரவைப்பது சுலபம் என்பதால் என் மகனையும் அதில் சேர்த்தேன்.

அந்த வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நான் பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவான். பாதி வாக்கியத்தில் சொல்வான். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போகும். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வந்து வேடிக்கை காட்டியிருக்கிறேன். ஒரு நாள் சும்மா விளையாட்டாக, 'குறைந்தபட்சம்' என்று வழக்கமாக எழுதும் இடத்தில் 'அதிகபட்சம்' என்று எழுதினேன். அவன் பழைய விடையையே சொன்னான்.

"கேள்விய படிச்சியாடா?" என்று கேட்டேன்.

"எதுக்கு டீச்சர்? இது அந்தக் கணக்குதானே."

அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வராமல் போனது என் நல்ல நேரம். அவன் கணக்குப் போடவில்லை. என் கையெழுத்தை அடையாளம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தான். மற்ற பிள்ளைகளும் அப்படித்தான் என்று அப்புறம் தெரிந்தது. எல்லாச் சூத்திரமும் தெரியும். 'ஏன்' என்று ஒரு கேள்வி அந்த மாடியில் எழுந்ததே இல்லை.

அதே சமயத்தில் என் மகனுக்குத் தினமும் காலையில் வயிற்று வலி வர ஆரம்பித்தது. டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் எல்லாம் சோதித்துவிட்டு, "இந்த நேரத்துல வீட்ல என்ன பண்றான்?" என்றார். "கணக்குப் போடறான் டாக்டர்" என்றேன். "ஒரு வாரம் நிறுத்திப் பாருங்க" என்றார். வகுப்பு நின்றது, வலியும் நின்றது. இன்றைக்கு அவன் ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு காபிக் கடையில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ரொட்டி சுடுகிறான். மாவுக்கும் தண்ணீருக்கும் விகிதம் பார்த்துத்தான் பிசைகிறான். அதுவும் கணக்குதான் என்று நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை. வயிறு வலிக்கப் போகிறது.

சூடு பட்ட கையோடு இரண்டாவது பதிலுக்குத் தாவினேன். 'பதினொன்றாம் வகுப்பு, ஜூன் மாதம். அதற்கு முன்னால் ஆரம்பித்தால் பிள்ளை கெட்டுப்போகும். பின்னால் ஆரம்பித்தால் தேறாது.' கேட்க எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது பாருங்கள். பெற்றோர் கூட்டங்களில் இதைச் சொல்லும்போது நானே என்னை ஒரு தடவை பெருமையாகப் பார்த்துக்கொள்வேன். ஜூன்தான் என்பதற்கு என்னிடம் ஒரு ஆதாரமும் கிடையாது. பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இரண்டாவது பதிலை வைத்துக்கொண்டு பல வருடம் நிம்மதியாக இருந்தேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் சந்தியா வந்தாள்.

அடி அண்ணாமலைப் பெண். கிரிவலப் பாதையை ஒட்டி வீடு. அப்பாவுக்கு வேர்க்கடலைப் பயிர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீட்டு வாசலிலேயே அவளுடைய அம்மா பஜ்ஜிக் கடை போடுவார். சந்தியா என் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். நன்றாகப் படிப்பாள், ஆனால் 'இவளைப் பாருங்கள்' என்று யாரும் சுட்டிக்காட்டுகிற மாதிரி இல்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்த வாரம், ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். போனில் ஒரு நுழைவுத் தேர்வின் பழைய வினாத்தாளைப் பார்த்திருக்கிறாள். கணிதத்துக்கென்றே நடக்கும் ஒரு நிறுவனத்தின் தேர்வு.

"நான் இத எழுதலாமா டீச்சர்?"

"லேட்டும்மா" என்றேன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "பதினொண்ணாவது ஜூன்லயே ஆரம்பிச்சிருக்கணும்."

"லேட்டுனா எவ்ளோ லேட்டு டீச்சர்?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத ஆசிரியர் வழக்கமாகச் செய்வதை நானும் செய்தேன். பேச்சை மாற்றினேன். "சரி, அதுல எந்தக் கணக்க போட்டுப் பாத்த?"

அவள் நோட்டைத் திறந்தாள். ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஒருவருக்கொருவர் கை குலுக்கிக்கொள்கிறார்கள். சிலர் நிறையப் பேரோடு, சிலர் கொஞ்சம் பேரோடு. எத்தனை பேர் வந்திருந்தாலும், அவர்களில் இரண்டு பேராவது ஒரே எண்ணிக்கையில் கை குலுக்கியிருப்பார்கள் என்று நிரூபிக்க வேண்டும். இதுதான் கணக்கு. நோட்டில் பக்கம் பக்கமாகப் புள்ளிகளும் கோடுகளுமாகக் கிடந்தன.

"நாலு பேருக்குப் போட்டேன், வருது. அஞ்சு பேருக்கும் வருது. ஏழு பேர் வரைக்கும் போட்டுட்டேன் டீச்சர். எட்டு பேருக்குப் போட்டா நோட்டு பத்தாது. ஏன் எப்பவுமே வருதுன்னுதான் தெரியல. அது தெரியாம வேற எதுவும் ஓட மாட்டேங்குது."

எனக்கு அந்தக் கணக்குத் தெரியும். தெரிந்த கணக்கு கண்ணில் பட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. "இது ரொம்ப சிம்பிள்" என்று பேனாவைத் திறந்தேன்.

அவள் நோட்டைப் படக்கென்று மூடி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "சொல்லாதீங்க டீச்சர்! ப்ளீஸ்! சொல்லாதீங்க!"

அறையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் சர்வீஸில் விடை சொல்ல விடாமல் காதைப் பொத்திக்கொண்ட முதல் மாணவி அவள்தான். எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, கோபம். கொஞ்சம் அவமானமும் சேர்த்து. அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, நேராகத் தலைமை ஆசிரியை அறைக்குப் போனேன்.

எங்கள் தலைமை ஆசிரியை தமிழ் படித்தவர். கணக்கு என்றால் அவருக்குப் பயம், சம்பளப் பட்டியலில் கூட்டல் சரிபார்க்கவே என்னைக் கூப்பிடுவார். ஆனால் பள்ளிக்கூடத்தில் யாருக்கு என்ன குழப்பம் வந்தாலும் அவரிடம்தான் போவோம். நான் நடந்ததைச் சொல்லி, "அந்தப் பொண்ணு பப்ளிக் எக்ஸாம் நேரத்துல நுழைவுத் தேர்வு எழுதணுங்குது மேடம். நீங்களே கூப்பிட்டு வேணாம்னு சொல்லிடுங்க" என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். "அவ என்ன கேட்டா உங்கள?"

"எழுதலாமானு கேட்டா."

"ஜெயிப்பேனானு கேட்டாளா?"

"இல்ல."

"நீங்க எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னீங்க?"

நான் கணக்கு ஆசிரியை. கேட்ட கேள்விக்குப் பதில் எழுது என்று பிள்ளைகளின் விடைத்தாளில் சிவப்பு மையால் எழுதுகிறவள். அவர் அடுத்த தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

நாலைந்து நாள் கழித்து, காலைப் பிரார்த்தனைக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது சந்தியா வரிசையை விட்டு ஓடி வந்தாள். "டீச்சர்! எல்லார்கூடயும் கை குலுக்கின ஆள் ஒருத்தர் இருந்தா, யார்கூடயும் குலுக்காத ஆள் இருக்கவே முடியாது டீச்சர்! அதனால ஒரு நம்பர் கம்மியாயிடுது. ஆள் ஜாஸ்தி, நம்பர் கம்மி! ரெண்டு பேர் ஒரே நம்பர்ல வந்துதான் ஆகணும்!" மூச்சு வாங்கியது. உடற்கல்வி ஆசிரியர் அவளை அதட்டினார். நான் அவரை அதட்டினேன்.

அன்றைக்கே சொன்னேன், எழுது என்று.

எழுது என்று சொன்னதோடு நிறுத்தியிருந்தால் நான் நானில்லையே. அன்று ராத்திரியே ஒரு அட்டவணை போட்டேன். பப்ளிக் பரீட்சை முடியும்வரை வாரத்துக்கு ஒரே ஒரு கணக்கு. அது, இவளை எழுதவிடுகிறேன் என்று நான் போய்ச் சொன்னபோது தலைமை ஆசிரியை வைத்த நிபந்தனை. அதற்குப் பிறகு உள்ள வாரங்களுக்கு நான்கு வண்ணப் பேனாவில் காலை, மதியம், மாலை என்று பிரித்து எழுதினேன். அதை அவள் வீட்டில் கொடுத்து, அப்பாவிடமும் பேசிவிட்டு வரலாம் என்று ஒரு பௌர்ணமியன்று சாயங்காலம் அடி அண்ணாமலைக்குப் போனேன்.

அப்பா வேளாண்மைப் படிப்பில் கண் வைத்திருந்தார். "டீச்சர், இத எழுதறேன்னு சொல்லி பப்ளிக்ல மார்க் கம்மியாயிட்டா, அக்ரி சீட்டு போயிடுங்க. எங்களுக்கு அது ஒண்ணுதான் தெரிஞ்ச வழி."

"கம்மியாகாது. நான் பொறுப்பு" என்றேன். எதன் பேரில் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவருடைய மனைவி கடை வேலைக்கு நடுவில் வந்து, "சாப்புடுங்க டீச்சர்" என்று மிளகாய் பஜ்ஜி கொடுத்தார். பஜ்ஜியை எடுத்ததும் அடியில் பச்சை மையில் 'திங்கள்' என்று தெரிந்தது. அப்புறம் சிவப்பு மையில் 'வடிவியல்'. என் அட்டவணையிலேயே எனக்குப் பஜ்ஜி வைத்துக் கொடுத்திருந்தார். சந்தியா பதறிப்போனாள். நான் எண்ணெய்யைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். யோசித்துப் பார்த்தால், அந்தத் தாள் யாருக்காவது உபயோகப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

பப்ளிக் பரீட்சை முடிந்தது. ஏப்ரலில் தினமும் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வெயிலில் பள்ளிக்கூடம் காலியாகக் கிடக்கும். நாங்கள் இரண்டு பேர் மட்டும். அப்போதுதான் ஒரு சங்கதி எனக்கு உறைத்தது. அந்தத் தேர்வின் கணக்குகளில் பாதி எனக்கே வரவில்லை. பாடம் எல்லாம் நாம் நடத்துகிற பாடம்தான். கேள்விதான் வேறு மாதிரி. இத்தனை வருடமாக 'ஜூனில் ஆரம்பியுங்கள்' என்று மைக்கில் சொன்ன நான், அந்த வினாத்தாளை முழுசாக உட்கார்ந்து போட்டுப் பார்த்ததே இல்லை.

அதை ஒத்துக்கொள்ள மனம் வருமா? வீட்டில் விடைகளைத் தேடிப் படித்துக்கொண்டு, மறுநாள் அவள் எதிரில் அப்போதுதான் தோன்றியது போலப் போட்டுக்காட்டுவேன். நடுவில் நெற்றியைத் தேய்த்துக்கொள்வதுகூட உண்டு. இரண்டு மூன்று நாள் பார்த்தாள்.

"டீச்சர், நேத்தே பாத்துட்டு வந்துட்டீங்களா?"

"இல்லயே. ஏன்?"

"இல்ல... எந்தக் கணக்குலயும் மாட்டிக்கவே மாட்டேங்கறீங்களே."

என் நடிப்பு அவ்வளவு மோசம் என்று எனக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து ஒரு கணக்கை இரண்டு பேருமே முதல் தடவையாகப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். சில நாள் முழுக்க ஒன்றும் நகராது. நான் ஒரு வழியில் போய் முட்டிக்கொள்வேன், அவள் இன்னொரு வழியில். "இது எங்கியும் போகாது டீச்சர்" என்று என் வழியை அவள் அடித்தாள். "ஏன் போகாது?" என்று கேட்டால் காரணம் சொன்னாள். கணக்கு ஆசிரியையாக நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை. பணிக்காலத்தின் கடைசியில் வந்து சேர்ந்தன.

மே மாதம் வந்தது. தேர்வு மையம் வேலூரில். அன்றைக்கு விடியற்காலையில் பஸ் ஏறினால் போதும் என்று திட்டம் போட்டிருந்தேன். ஒரு நாள் சந்தியாவின் அம்மா போன் செய்தார். "டீச்சர், பரிட்சைக்கு மொத நாள் சித்ரா பௌர்ணமி ஆச்சே. எப்படிங்க போவீங்க?"

நம் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும், சித்ரா பௌர்ணமி என்றால் லட்சக்கணக்கில் ஜனம் வரும், ஊரைச் சுற்றி எல்லாச் சாலையையும் அடைத்துவிடுவார்கள், மறுநாள் காலையில் திரும்பிப் போகிறவர்களுக்கே பஸ் போதாது என்று. பிறந்ததிலிருந்து இந்த ஊரிலேயே இருக்கும் நான் பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. சரி, பௌர்ணமியன்று மதியமே கிளம்பிவிடலாம், வேலூரில் என் அக்கா வீட்டில் தங்கலாம் என்று மாற்றினேன். கடையை விட்டு அவளுடைய பெற்றோர் வர முடியாது. நான்தான் துணை. என் மகன் ஒரு கார் ஏற்பாடு செய்தான். "மதியம் செங்கம் ரோடுக்கு வந்துடு. ஆசிரமத்துக்குப் பக்கத்துல, பையன் கடை வாசல்ல நிக்கறேன்" என்று சந்தியாவிடம் சொல்லிவிட்டேன்.

பௌர்ணமியன்று மதியம் செங்கம் சாலையில் குடையோடு நின்றேன். எதிரில் மனிதர்கள் ஆறாக ஓடிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒரே பக்கமாக, மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, அடி அண்ணாமலையை நோக்கிப் போனார்கள். அடி அண்ணாமலையிலிருந்து என்னிடம் வர வேண்டிய பெண் அத்தனை பேரையும் எதிர்த்து நடந்து வர வேண்டும். இதை நான் அங்கே நின்று பார்த்த பிறகுதான் கவனித்தேன். போன் போட்டேன். கூட்டத்தில் எந்தப் போனும் வேலை செய்யவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. என் மகன் இரண்டு தடவை வெளியே வந்து பார்த்துவிட்டு, மூன்றாவது தடவை ஒரு காபியோடு வந்தான். அதை வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். கூட்டத்தில் விழுந்திருப்பாளோ, வழி தவறியிருப்பாளோ என்று ஒவ்வொரு பாவாடை தாவணியையும் சுடிதாரையும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கடைசியில் போன் அடித்தது. அவளுடைய அப்பா.

"டீச்சர், நாங்க வேங்கிக்கால் வந்துட்டோங்க. நீங்க எங்க நிக்கறீங்க?"

"செங்கம் ரோட்டுல."

"அங்க இன்னாங்க பண்றீங்க?"

சந்தியா போனை வாங்கினாள். "எல்லாரும் இந்தப் பக்கமாத்தான் நடக்கறாங்க டீச்சர். வேலூர் பஸ்ஸும் இந்தப் பக்கந்தான் நிக்குது. நீங்க ஏன் அந்தப் பக்கம் வரச் சொன்னீங்கனு யோசிச்சுப் பாத்தேன். காரணம் கெடைக்கல. போனும் போகல. அதான் அப்பா பையத் தூக்கிட்டுக் கூட வந்துட்டாரு."

காரணம் இருந்தால்தானே கிடைக்கும்? மகன் கடை வாசலில் நிழல் உண்டு, காபி நன்றாக இருக்கும். அவ்வளவுதான்.

"பஸ் கெளம்பப் போவுது டீச்சர். ஏறட்டுமா?"

"இரு, நான் வரேன்" என்று வாய்வரை வந்துவிட்டது. நான் கூட இருந்தால்தான் சரியாக நடக்கும் என்கிற எண்ணம் ஆசிரியர்களாகிய நமக்கு ரத்தத்தில் ஊறியது. எதிரே பார்த்தேன். ஊருக்கு இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவள், நடுவில் லட்சம் பேர், கார் ஒரு அடி நகராது. நான் போய்ச் சேருவதற்குள் இருட்டிவிடும். அதற்குள் எத்தனை பஸ் போயிருக்குமோ, இருக்கிற பஸ்ஸில் இடம் இருக்குமோ தெரியாது. அவளுக்கு நான் தேவை என்று நினைத்ததில், அவள் தேவை எவ்வளவு, என் ஆசை எவ்வளவு?

"ஏறும்மா" என்றேன். "அக்காவ வேலூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கச் சொல்றேன். அப்பாகிட்ட போனக் குடு."

அவருக்கும் தயக்கம்தான். "தனியா உடறதாங்க?" என்றார். அக்காவின் பெயர், நம்பர், வீடு எல்லாம் சொன்னேன். அவர் பக்கத்துச் சீட்டில் இருந்த ஒரு குடும்பத்திடம் சொல்லி ஏற்றிவிட்டார். அக்கா அவளைக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டுத் தூங்கவைத்துவிட்டுப் போன் செய்த பிறகுதான் நான் அந்தக் காபியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

மறுநாள் நான் வேலூருக்குப் போய்ச் சேர்ந்தபோது தேர்வு ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது. வாசலில் மரத்தடியில் நின்றேன். வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும், "நாலாவது வரல டீச்சர்" என்றாள்.

முடிவு வந்தது. பட்டியலில் அவள் பெயர் இல்லை.

பப்ளிக் மார்க் மட்டும் நான் பயந்ததற்கு மாறாக நன்றாகவே வந்திருந்தது. வேளாண்மைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அவள், ஊரில் இருக்கும் அரசுக் கல்லூரியில் கணிதம் படிக்கிறேன் என்று நின்றாள். அப்பா என் வீட்டுக்கே வந்துவிட்டார், அவளையும் கூட்டிக்கொண்டு. குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நல்லா இருந்த பொண்ணுங்க. நீங்க எழுதச் சொன்னீங்க, எழுதுச்சு. கெடைக்கல. சரி, போவுது. இப்ப கையில இருக்கற அக்ரிய வேணாங்குது. நீங்க சொன்னாத்தான் கேக்கும். சொல்லுங்க டீச்சர்."

அவர் பக்கம் நியாயம் இருந்தது. தோற்ற வருத்தம் எனக்கும் இருந்தது. அவளைவிட எனக்கு அதிகம் என்றுகூடச் சொல்லலாம். பொறுப்பு என்று வேறு சொல்லியிருந்தேன். ஆகவே ஆரம்பித்தேன். வேளாண்மைப் படிப்பின் பெருமை, வேலை வாய்ப்பு, கணக்கைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாம் என்று அருமையாகப் பேசினேன். மைக் ஒன்றுதான் இல்லை. அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். சந்தியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிப் பேச்சில் தலையை நிமிர்த்தினாள்.

"டீச்சர், அந்த நாலாவது கணக்கு வந்துடுச்சு."

"எது?"

"வேலூர்ல வராம போச்சே, அது. நேத்து வந்துடுச்சு. ரொம்ப அழகா வருது டீச்சர்."

தேர்வு முடிந்து வாரங்கள் ஆகியிருந்தன. முடிவும் வந்து, பெயரும் இல்லை என்று ஆகிவிட்டது. அந்தக் கணக்கால் அவளுக்கு இனி ஒரு மார்க்கும் கிடையாது. ஆனாலும் அவள் அதை விடவில்லை. நான் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்த நாட்களில் அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

என்ன சொல்ல வந்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அப்பாவைப் பார்த்து, "நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேங்க" என்றேன்.

"எத?"

"இப்ப சொன்னத. பொறுப்புன்னு சொன்னேனே, அதையும். இதுக்கு முன்னாடி லேட்டுன்னு சொன்னேன், அத மொதல்ல. அவ கணக்கே படிக்கட்டுங்க."

அவர் எழுந்து போய்விட்டார். வெகுநாள் என்னோடு பேசவில்லை. கடைத்தெருவில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நிச்சயமாகக் கையில் இருந்ததை விட்டு, நிச்சயமில்லாததைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். அது சரிதான் என்று அப்போது எனக்கே தெரியாது. அவளுடைய முகத்தைத் தவிர என்னிடம் வேறு ஆதாரம் இல்லை. ஜூன் மாதத்துக்கு இருந்ததைவிட அது கொஞ்சம் மேல்.

சந்தியா உள்ளூரில் பட்டப்படிப்பு படித்தாள். இடையில் நான் ஓய்வு பெற்றேன். அவ்வப்போது வருவாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கணக்கில் மாட்டிக்கொள்வோம். பெரும்பாலும் அவள் முதலில் வெளியே வந்துவிடுவாள். மூன்றாம் வருடத்தில், மேல்படிப்புக்கான நுழைவுத் தேர்வை எழுதினாள். அதே நிறுவனம். இந்தத் தடவை பட்டியலில் பெயர் இருந்தது. அவள் எப்போது தயாராக ஆரம்பித்தாள் என்று நீங்கள் கேட்டால், அந்தக் கல்யாணக் கணக்கில் என்று சொல்வேன். எந்தத் தேர்வுக்குத் தயாராகிறோம் என்று அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே, வகுப்பு எது, மாதம் எது என்று என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் வகுப்பில் ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, விடை சொல்லாமல் வெளியே வாருங்கள். அடுத்த நாள் யாரும் கேட்கவில்லை என்றால் பேசாமல் பாடத்தை நடத்துங்கள், அதுவும் நல்ல வேலைதான். எவளாவது, எவனாவது தேடிக்கொண்டு வந்து 'சொல்லாதீங்க' என்றால், அன்றைக்கு ஆரம்பியுங்கள். அந்தப் பிள்ளை எட்டாவதாகவும் இருக்கலாம், கல்லூரியாகவும் இருக்கலாம். முதலில் வினாத்தாளை நீங்கள் போட்டுப் பாருங்கள். வெளியூர்ப் பரீட்சை என்றால் பஞ்சாங்கத்தையும் பாருங்கள்.

இடம் கிடைத்த செய்தியோடு சந்தியா வீட்டுக்கு வந்தபோது அப்பாவும் கூட வந்திருந்தார். பேச்சு நின்றுபோன பிறகு அன்றைக்குத்தான் என் வாசல்படி ஏறினார். ஒரு பை நிறைய அவித்த மல்லாட்டை கொண்டு வந்திருந்தார். நம் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதானே பெயர். உட்கார்ந்தார். காபி குடித்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"இதுக்கு மேல இன்னும் எதுனா பரிட்சை இருக்குதுங்களா டீச்சர்?"

"ஆராய்ச்சிப் படிப்புக்கு ஒண்ணு இருக்குதுங்க."

"அதுக்கு எப்பருந்துங்க ஆரம்பிக்கணும்?"

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"ஐயோ, அவங்கள கேக்காதப்பா" என்றாள் சந்தியா. "எதுனா சொல்லிடுவாங்க."

அவர் அவசரமாக இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, "வேணாங்க டீச்சர், வேணாம்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு மல்லாட்டையை உரிக்க ஆரம்பித்தேன்.